பாட்டு முடிந்ததும் யார் பக்கம்

அந்த வட்டாரத்தில் கல்யாணமா, கருமாதியா, கட்சிக் கூட்டமா, எதுவானாலும் ஒலிபெருக்கி கட்ட ஒரே ஆள்தான். மைக்செட்காரர். அவர் மனைவிக்கு மூலைக்கடையில் ஜெராக்ஸ் மெஷின். அதனால் அந்த அம்மாளை ஊரே ஜெராக்ஸ் அக்கா என்றது. மழை பெய்தால் போதும், தெருச் சாக்கடை நேராக அக்கா கடைக்குள் வந்து குசலம் விசாரிக்கும். மெஷின் செங்கல் மேல் ஏறி நின்று வருஷம் இரண்டாயிற்று. சாக்கடையைக் கட்டியவரும் கவுன்சிலர்தான், மறுபடி தேர்தலில் நிற்பவரும் அதே கவுன்சிலர்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் தானே எதிர்த்து நிற்பதாகச் சொல்லிவிட்டாள்!

மைக்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை ஒரு பக்கம். கவுன்சிலரின் கூட்டங்களுக்கெல்லாம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்ற திகில் மறுபக்கம். தொழில் வேறு, குடும்பம் வேறு என்று அக்காவே தைரியம் சொல்லி அனுப்பினாள். பெரிய மனசுதான், வேறென்ன.

கவுன்சிலர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மேடையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயரத்துக்குத் தேசியக் கொடி தொங்கும். சட்டைப் பையிலும் ஒரு சின்னக் கொடி. யாராவது எழுந்து சாக்கடை என்று வாயெடுத்தால் போதும், மைக்செட்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவார். தேசிய கீதம் போட வேண்டும். போட்டால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நின்றவர்கள் பேச மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் கண் கலங்கிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கேட்ட கேள்வி எந்த நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது என்று ஒரு ஈ காக்கைகூடத் தேடாது. அடேயப்பா, என்ன மூளை!

இதில் கொடுமை என்னவென்றால், மைக்செட்காரரே அதில் விழுந்துகொண்டிருந்தார். பட்டனை அமுக்குவது அவர் விரல்தான். ஆனாலும் முதல் வரி எழும்பியதும் மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். கண்ணுக்கு நேரே கொடி, கொடிக்கு முன்னால் கவுன்சிலர். இந்த மனுஷன் அவ்வளவு மோசமானவன் இல்லையோ என்று நெஞ்சு இளகும். ஒருநாள் மனசு கேட்காமல் அதை மனைவியிடம் சொல்லியும்விட்டார். பாட்டு முடிந்ததும் எனக்கே அவருக்கு ஓட்டுப் போடலாம்போலத் தோன்றியது என்றார்.

அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

"சோறு நான் போடறது, ஓட்டு அவருக்குப் போடறதா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு ஓட்டு ஆடுகிறதென்றால் தெருவில் எத்தனை ஆடும்? அது அவளுக்கு உறைத்தது. அவருக்கும்தான்.

கவுன்சிலரின் கடைசிக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். எள் போட்டால் எள் விழாது. கேள்வி கேட்பவர்களுக்கென்று கூட்டத்துக்குள் ஒரு கைமைக் சுற்றிவரும். அதை ஜெராக்ஸ் அக்கா வாங்கினாள்.

"சாக்கடையோட சரிவை ஆத்துப் பக்கம் வைக்காம எங்க கடைப் பக்கம் ஏன் வெச்சீங்க?"

அவ்வளவுதான், விரல் உயர்ந்தது. மைக்செட்காரர் பாட்டைப் போட்டார். போட்டதும், தொழில் பழக்கம், மேடை மைக்குகளை மூடினார். பெரிய மனுஷர்கள் சுருதியில்லாமல் கூடப் பாடித் தேசத்தின் மானத்தை வாங்குவார்கள் என்பதால் எப்போதும் செய்வதுதான். வழக்கமாகக் கைமைக் அதற்குள் அவரிடம் திரும்பி வந்திருக்கும். இன்று கேள்வியின் வால் முடிவதற்குள் விரல் உயர்ந்துவிட்டதே! மைக் அக்கா கையில் இருந்தது, உயிரோடு.

அக்கா பாடினாள். அவள் குரல் ஒன்றும் குயில் இல்லை. வீட்டில் பாடினால் புருஷனே கதவைச் சாத்துவார். ஆனால் கணீரென்று, ஒரு சொல் விழுங்காமல், வழக்கமாக எல்லாரும் முனகி ஒப்பேற்றும் பின்பாதியையும் சேர்த்துப் பாடினாள். மண்டபத்தின் எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் அவள் குரல். முன்வரிசை சேர்ந்துகொண்டது, அப்புறம் பின்வரிசை, அப்புறம் வாசலில் நின்ற பால்காரர். மண்டபமே அதிர்ந்தது! கொடி என்னவோ அதே இடத்தில்தான் தொங்கிற்று. கண்கள் மட்டும் மேடையை விட்டுத் திரும்பி அக்காவைப் பார்த்தன.

பாட்டு நின்றது. ஒருவரும் உட்காரவில்லை. அக்கா அதே கேள்வியை அப்படியே மறுபடி கேட்டாள். கவுன்சிலர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்செட்காரர்தான் சிலிர்த்துப் போய் மேடை மைக்கைத் திறக்கவே மறந்துவிட்டாரே. நியாயமில்லைதான். ஆனாலும் எவ்வளவு ஆனந்தமாக இருந்தது!

அக்கா ஜெயித்தாள். கொஞ்ச நஞ்சமில்லை, அள்ளிக்கொண்டு ஜெயித்தாள். தெருவே கடைக்கு முன்னால் திரண்டது. பால்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க பாடினீங்க பாருங்கக்கா, அப்பவே என் மனசு உங்க பக்கம் வந்துடுச்சு."

அதற்கப்புறம் வந்தவரும் பாட்டைத்தான் சொன்னார். அவருக்கப்புறம் வந்த அத்தையும் பாட்டைத்தான் சொன்னாள். சாக்கடையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்காவின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்ததை மைக்செட்காரர் கவனித்தார்.

நன்றி சொல்லும் கூட்டமும் அதே மண்டபத்தில்தான். மேடையில் கொடியை மாட்டவா என்று யாரோ கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றாள். அது எனக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் சொந்தம், என் நாற்காலிக்கு முதுகு கொடுக்க அது எதுக்கு என்றாள். கைமைக்கை முதலில் வாங்கியவர் அவள் கடைக்கு எதிர்வீட்டுக்காரர்.

"அக்கா, சாக்கடையை எப்பத் திருப்பிக் கட்டுவீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடித்தாள். கூட்டம் காத்திருந்தது. எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். மைக்செட்காரருக்குப் பொறுக்கவில்லை. கட்டிய மனைவி நாலு பேருக்கு முன்னால் திண்டாடுகிறாள், பார்த்துக்கொண்டு இருக்க அவர் என்ன கல்லா? விரல் தானாகப் பாட்டுப் பட்டனுக்குப் போயிற்று.

"ஏங்க, கையை எடுங்க."

மைக்கிலேயே சொன்னாள். எட்டுப் பெட்டிகளிலும் கேட்டது. அவர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். அக்கா எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"எப்பன்னு தெரியாதுங்க. யாரைக் கேக்கணும்னும் இன்னும் தெரியாது. கேட்டுட்டு வந்து இங்கயே சொல்றேன்."

கைதட்டல் ஒன்றும் கிளம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் உட்காரவும் இல்லை, இன்னொரு கேள்வி இருக்கிறது என்றார். மைக்செட்காரர் அவர் கையிலிருந்த மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.