இரண்டாவது நடுக்கம்

ஜவ்வாது மலை மேலுள்ள ஒரு பள்ளியில் நான் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது ஒரு விவசாயியின் வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறையில். அவரை அண்ணா என்பேன், அவர் மனைவியை அக்கா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருந்த பழைய வீடு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, மேலே ஓடு. புளியமரத்திலிருந்து விழுந்ததில் அண்ணாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதை வைத்தே ஊரைச் சிரிக்க வைப்பார்.

சாமை அறுத்து மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கிய சமயம். விடாத மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாரவண்டி ஒன்று தரைக்கு அடியில் ஓடியதுபோல் சத்தம் கேட்டது. அடுக்கியிருந்த பாத்திரங்கள் குலுங்கின. காலடியில் தரை நழுவுவதுபோல் இருந்தது. நான் கதவைத் திறந்து வெளியே ஓடினேன். அக்கா ஏற்கெனவே வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் சில நொடிகள்தான். பிறகு பார்த்தால் பழைய வீட்டின் மேற்குச் சுவரில் கூரையிலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.

மதியத்துக்குள் எல்லார் போனிலும் ஒரே செய்தி. மலை வெடிக்கப் போகிறது, நெருப்புக் குழம்பு வரப் போகிறது. அக்கா என்னிடம் வந்தார்.

"இன்னா டீச்சர், எரிமலையாமே? ஆலங்காயத்துல எங்க அக்கா வூட்டுக்குப் போய்டட்டுமா?"

"எரிமலை இல்லக்கா. பூமியோட மேல்தோடு பெரிய பெரிய பாளமா உடைஞ்சி கெடக்குது. எரிமலை முக்கால்வாசி அந்தப் பாளங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ற ஓரத்துலதான் இருக்கும். நாம ஒரு பாளத்துக்கு நடுவுல இருக்கறோம்."

"நடுவுல இருந்தா ஏன் ஆடுது?"

"நம்ம பாளம் வடக்கே போய் இன்னொண்ண முட்டுது. அங்க முட்டுறதுலதான் இமயமலையே எழும்புச்சி. அந்த அழுத்தம் பாளம் பூரா பரவியிருக்கு. இங்க பாறைக்குள்ள ரொம்பப் பழைய வெடிப்புங்க இருக்குது. தாங்காதப்ப அதுல ஒண்ணு லேசா நழுவும்."

"மறுபடி வருமா?"

"வரலாம்க்கா. எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. பின்னாடி சின்னச் சின்னதா வர்றது உண்டு. அந்த வூட்டுக்குள்ள மட்டும் போகாதீங்க."

இருவரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். அங்கேயே சமைத்தோம், அங்கேயே படுத்தோம். அண்ணாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. நகர்ந்த ஓடுகளின் சந்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவருடைய ஒரு வருஷத்துச் சாமை நனைந்துகொண்டிருந்தது.

மறுநாள் பிற்பகல் மழை கொஞ்சம் விட்டது. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம்ங்க, டீச்சர் அவ்ளோ சொல்றாங்களே!"

"அண்ணா, சுவர் ஊறிப் போயிருக்கு," என்றேன் நானும்.

"இதோ வந்துட்டேம்மா. நாலு மூட்டதான்," என்றார் அவர்.

முதல் மூட்டையோடு வந்தார். அடுத்ததற்குப் போனார். அப்போது என் உள்ளங்காலில் லேசாக ஒரு கூச்சம், அவ்வளவுதான். அது நடுக்கம் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. சுவர் மட்டும் உள்பக்கமாக மடங்கி உட்கார்ந்தது, அதன்மேல் கூரை. வெளியே ஓடி வர அந்தக் கால் அவருக்கு உதவவில்லை.

கையாலேயே கல்லைப் பெயர்த்தோம். அக்கம்பக்கத்து ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். எடுக்கும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஜீப்பைப் பிடித்து, அக்காவின் மடியில் தலையை வைத்துப் படுக்கவைத்தோம். மலைப்பாதையின் ஒரு திருப்பத்தில் மண் சரிந்து, பாறை ஒன்று குறுக்கே கிடந்தது. இறங்கி எல்லோரும் அதைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு யாரும் பாறையைத் தள்ளவில்லை.

முதல் நடுக்கத்தைப் பற்றிச் செய்தியில் ஒரு வரி வந்தது: பாதிப்பு ஏதுமில்லை. இரண்டாவதைப் பற்றி அந்த ஒரு வரிகூட வரவில்லை. பார்க்க வந்தவர்கள் மழையில் சுவர் இடிந்துவிட்டதென்றே பேசிக்கொண்டார்கள். தரை ஆடியது என்று நான் சொன்னபோது, ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார்.

காரியம் முடிந்த சில நாளில், அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அந்தப் பாளம் இப்பவும் நவுருதா டீச்சர்?"

"நவுருதுக்கா. நகம் வளர்ற மாதிரி, கண்ணுக்குத் தெரியாம."

"எதுக்கு நவுருது?"

"அடியில அவ்ளோ சூடு. அந்தச் சூட்டுல கீழ இருக்கற பாறையே ரொம்ப மெதுவா ஓடுது. அதோட சேர்ந்து மேல இருக்கறதும் நவுருது."

"அதுக்கு நாம இருக்கறது தெரியாதில்ல?"

"தெரியாதுக்கா."

"யாரையாவது திட்டலாம்னு பார்த்தேன்," என்றார். காம்புகளை வாரி ஆட்டுக்குப் போட எழுந்து போனார்.

மறுவருடம் எனக்குக் கணியம்பாடி பக்கம் மாற்றல் வந்தது. நான் காலி செய்த கான்கிரீட் அறையிலேயே இருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும், சுவரே வேண்டாமென்று அக்கா கேட்கவில்லை. இடிந்த இடத்துக்குப் பக்கத்தில் நான்கு கம்பம் நட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, மார்கழிப் பனியிலும் அதனடியிலேயே படுக்கிறார்.