மடிப்புக்குச் சுகர் இல்லை

எங்கள் தையல் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் அவளுக்குப் பெயர் மடிப்பு. சட்டைக் கையில் அவள் போடுகிற மடிப்பு கடைக்குப் போய்ச் சேரும்வரை கலையாது என்று சூப்பர்வைசர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த மேசையில் ஒன்பது வருடம் நின்றோம். அவளுக்கு முப்பத்தேழு, எனக்கு ஐம்பது. என்னை அக்கா என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் என்னோடு ஒட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

புருஷன் செத்துப் பத்து வருடம் ஆகிறது. காய்ச்சல் என்றாள், அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டாள். பிள்ளை இல்லை. ஒரு அண்ணன் இருந்தும் இல்லாத மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டால் "தூங்கினேன்" என்பாள். வாரம் தவறாமல் அதே பதில்.

மதியம் சாப்பிட்டதும், பெயர்ச்சீட்டைக் கிழித்த டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை போடுவாள். முதல் வாரமே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன மரமா? "சுகர் அக்கா" என்றாள். இந்த வயதிலேயா என்று உச்சுக்கொட்டினேன். அன்றிலிருந்து அவள் சுகருக்கு நான்தான் காவல். யார் கேக் வெட்டினாலும் அவள் பங்கைப் பிடுங்கி நான் தின்றுவிடுவேன். டீக்காரரிடம், "இவ டீயில சர்க்கரை போட்டீங்க, கொன்னுடுவேன்" என்று சத்தம் போடுவேன். அந்தக் கசப்பு டீயை ஒன்பது வருடம் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

போன மாதம் ஒரு வாரமாகத் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முதுகுவலி வேறு. நாலு சட்டை தேய்த்தால் மூச்சு வாங்கியது. "பல்லைப் புடுங்கிட்டு வாடி, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அந்த நீராவியில் எல்லோருக்கும்தான் மூச்சு முட்டும். மாரடைப்பு என்றால் வயதான ஆம்பிளைகள் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். இஸ்திரிப்பெட்டியைப் பத்திரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே கீழே சரிந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"சுகர் இறங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டு டீக்காரரிடம் ஓடினேன். சர்க்கரையை அள்ளி வந்து அவள் வாயில் திணித்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பேசாம முழுங்குடி" என்று அதட்டினேன். இதோ எழுந்துவிடுவாள், இதோ எழுந்துவிடுவாள் என்று கால் மணி நேரம் போனது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரில் போன கால் மணி நேரம் அது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"சுகர் மாத்திரைங்க. ஒன்பது வருஷமா."

விரலில் குத்திப் பார்த்து, "சுகர் சரியாத்தானே இருக்கு" என்றார். ஈசிஜி தாளைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "அம்மா, இது ஹார்ட் அட்டாக். உடனே மருந்து குடுக்கணும். வேற என்ன சாப்பிடுறீங்க? மறைக்காம சொல்லுங்க."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் எதுக்குடி வெளிய போகணும்?"

"போங்கக்கா."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத் தெரியக்கூடாத அப்படியென்ன ரகசியம்? அவள் பையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று ஆலைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். குரலே எழும்பவில்லை.

"அடைப்பை எடுத்துட்டாங்க அக்கா. எனக்குச் சுகர் இல்ல. எச்ஐவி. அவர்கிட்ட இருந்து வந்தது."

அவளே மேலே சொல்லிக்கொண்டு போனாள். மாத்திரையில் கிருமி அடங்கித்தான் இருக்கிறதாம். அடங்கி இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே ரத்தக்குழாயைக் கெடுக்குமாம். இந்த நோய் உள்ள பெண்களுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வர வாய்ப்பு அதிகமாம். மாத்திரை கொடுக்கிற இடத்தில் கிருமி எவ்வளவு என்று மட்டும் பார்த்து அனுப்பினார்கள். நெஞ்சைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"அந்த மாத்திரையோட சேராத ஹார்ட் மருந்தெல்லாம் இருக்காம். சொல்லாம விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னார். அதான் உங்கள வெளிய..."

"சரி" என்று போனை வைத்துவிட்டேன்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். அவள் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டுத் தின்றதெல்லாம் ஞாபகம் வந்தது. குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கூடச் சாப்பிட்டால் ஒட்டாது என்று எனக்கே தெரியும், தெரிந்தும் கழுவினேன். அதைவிடப் பெரிது கோபம். என்னிடமே பொய் சொல்லிவிட்டாளே என்று மூன்று நாள் பொருமினேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னாள் என்று அப்புறம்தான் யோசித்தேன். கை கழுவிய நானே அதற்குப் பதில்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு ஓடினேன். கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

"காலையிலயே டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க" என்றாள் நர்ஸ். "கூட்டிட்டுப் போக யாரு வருவாங்கன்னு கேட்டோம். அக்கா வருவாங்கன்னாங்க. மதியம் வரைக்கும் கீழ பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் தனியாவே கிளம்பிட்டாங்க. நீங்கதான் அந்த அக்காவா?"

படியிறங்கி வெளியே வந்தேன்.

அவள் அறைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. சூப்பர்வைசருக்குப் போன் செய்து விலாசம் வாங்கினேன். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அந்த நெஞ்சோடு இத்தனை படியும் தனியாக ஏறியிருக்கிறாள்.

கதவைத் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்.

"நாற்காலி ஒண்ணுதான் இருக்கு அக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ உட்காரு. எனக்கு நின்னுதானே பழக்கம்."

உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏன் வரவில்லை என்று அவள் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.