மாமாவை யாரும் கேட்கவில்லை

காலை 6.40. கொழும்பு பஸ் என்னைப் பதுளையில் இறக்கிவிட்டபோது உடம்பில் ஓர் எலும்புகூட அதன் இடத்தில் இல்லை. நான் பண்டாரவளையில் வளர்ந்தவள். இப்போது லண்டன் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்வது என் பிழைப்பு. இனிப் பிழைக்கமாட்டார் என்று ஆன ஒருவர் தானாகக் கேட்டால், சாவதற்கு டாக்டர் உதவலாமா என்று அங்கே ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பாராளுமன்றத்தில் சொல்லுக்குச் சொல் பிய்க்கிறார்கள். புரிந்துதான் கேட்டாரா? பிள்ளைகள் நெருக்கினார்களா? இரண்டு டாக்டர் போதுமா? அவருடைய மொழியில் சொன்னார்களா? பஸ்ஸிலும் அதைத்தான் போனில் கேட்டுக்கொண்டு வந்தேன்.

8.15. மாமா படுத்திருந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள். என் அம்மாவின் தம்பி சுப்பையா மாமா, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்தவர். சிரித்துக்கொண்டே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வா புள்ள. துண்டு வெட்டிட்டாங்க. சொகமாயிருச்சு, வீட்டுக்குப் போறேன்.”

துண்டு வெட்டுவது என்றால் டிஸ்சார்ஜ். கட்டிலில் கிடந்த தாளை எடுத்தேன். முழுக்கச் சிங்களம். மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம், அதன் விளைவு எனக்குத் தெரியும், என் சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே மாமாவின் கைநாட்டு. மாமாவுக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும்; எழுத்து எந்த மொழியிலும் தெரியாது.

மாமாவின் மகன் செல்வம் என்னை வராந்தாவுக்கு இழுத்தான். “வயித்துல புத்துநோய், மதினி. முத்திப்போச்சி. அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிறாதீங்க. மனசு ஒடஞ்சிரும்.”

“டாக்டர் என்னா சொன்னாரு?”

“இருந்தா ரத்தம் ஏத்தி, வலிக்கு ஊசி போட்டு வச்சிருப்பாங்களாம். கொணமாகாதுன்னுட்டாரு. இங்க உசுரு போனா பொட்டிய தோட்டம் வரைக்கும் ஏத்துறது லேசா? உசுரோட லயத்துக்குக் கொண்டு போயிறணும்.”

தோட்டத்து வழக்கம் அது. சாகப் போகிறவர் வரிசை வீடான தன் லயத்து வாசலை உயிரோடு மிதிக்க வேண்டும். வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வாசிக்கத் தெரியாதவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் விரலைப் பிடித்து அமுக்கிய வார்டின் மேல் கோபம். பக்கத்தில் நின்று தலையாட்டிய செல்வத்தின் மேல் கோபம். அவர்களை விட, வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறிய என் மேல்.

10.05. வேன் வாடகை பன்னிரண்டாயிரம் ரூபா. ஓட்டியவர் பண்டாரவளைக்காரர், நிஸாம் நானா. ஹாலி-எல, தெமோதர கடந்து, எல்லப் பாதை பிரியும் சந்தியில் முதுகுப் பைகளோடு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். பண்டாரவளை வரை சுமார் முப்பது கிலோமீட்டர். மழை விட்டதும் போஞ்சி விதை போடப்போவதாக மாமா சொல்லிக்கொண்டே வந்தார். செல்வம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புத்தளைக்குப் பிறகு மாமாவின் பேச்சு நின்றது. ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

12.20. பெரகல சந்தி. பிளேன்டீ அறுபது ரூபா. மாமாவால் இரண்டு மடக்குக்கு மேல் இறக்க முடியவில்லை.

“துண்டு வெட்டிட்டாங்க, ஆனா வலி போகலியே புள்ள. அந்தக் கடுதாசில என்னாதான் எழுதியிருக்கு?”

செல்வம் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். சொல்லிவிட்டேன். நோயின் பெயரிலிருந்து கடைசி வரி வரை.

மாமா கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மகனைப் பார்த்தார். “மருந்து வேணாம்னு நான் எப்படா சொன்னேன்?”

“ஒங்க நல்லதுக்குத்தான்ப்பா...”

“சாவப்போறது நானு. என்னைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?” என் பக்கம் திரும்பினார். “ஊசி போட்டா வலி நிக்குமா?”

“கொறையும் மாமா. நோய் போகாது.”

“வலி கொறஞ்சா போதும். வண்டியத் திருப்பச் சொல்லு.”

செல்வம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நிஸாம் நானா கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “ஏறுங்க, போவம்.”

3.10. வேண்டாம் என்று கைநாட்டு வைத்துப் போனவர்தானே என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள், அதுவும் செல்வத்தைப் பார்த்து. எனக்குப் பொறுக்கவில்லை. வைத்தவர் இதோ நிற்கிறார், என்னவென்று இவருக்கு யார் சொன்னீர்கள் என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “இந்த வார்டில் தமிழ் தெரிந்த ஒருத்தரும் இல்லை, நான் என்ன செய்ய?” என்றாள். அது உண்மைதான், அதனால் இன்னும் கொதித்தது. அவளே ஒரு கட்டிலைத் தேடி விரித்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் நான் புறப்பட்டபோது மாமா வலியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். மீதியைச் செல்வம் போனில் சொன்னான். பதினோராம் நாள் மாமாவே டாக்டரைக் கூப்பிட்டு, “இப்ப வீட்டுக்குப் போறேன்” என்றாராம். இந்தத் தடவை தாளில் இருந்ததைச் செல்வம் டாக்டரிடம் வரிவரியாகக் கேட்டுத் தமிழில் சொன்ன பிறகுதான் விரலை நீட்டினாராம். லயத்தில் இரண்டு நாள் இருந்தார். வந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாராம்.

லண்டனில் ஒருவர் சாகக் கேட்டால் எத்தனை தடவை திருப்பிக் கேட்க வேண்டும் என்று சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், பிடிக்கத்தான் வேண்டும். எங்கள் மாமா சாகக் கேட்கவே இல்லை. அவருக்கு மிச்சமிருந்த பதின்மூன்று நாளை அவரைக் கேட்காமலே முடித்துவிடப் பார்த்தார்கள். பெரகல வரைக்கும் நானும்தான்.