வாய் நிறையத் தண்ணீர்

சென்ற வாரம் தாம்பரத்து மருத்துவமனையொன்றில் என் மனைவியின் படுக்கையருகே அமர்ந்திருந்தேன். மாத்திரை வண்டியைத் தள்ளிவந்த செவிலியின் சிவப்பு மேலங்கியில், 'மருந்து தருகிறேன், பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அடுத்த படுக்கைக்காரரின் மைத்துனர் அதை உரக்கப் படித்து முடித்துவிட்டு, "சிஸ்டர், இங்க வைஃபை பாஸ்வேர்டு இன்னா?" என்றார். நண்பரே, நம் நாட்டில் கல்வி அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது.

வண்டியிலிருந்து வீசிய ஸ்பிரிட் வாடை என்னைப் பம்மலுக்கு இழுத்துச் சென்றது. அங்கே அதனோடு தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றமும் கலந்திருக்கும். பல வருடங்களுக்கு முன் அங்கே பத்துப் படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோமில் நான் எழுத்தர். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆயினும் கடிதம் வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் உண்டு.

அங்கே ஸ்டெல்லா என்றொரு செவிலி. மாத்திரை கொடுக்கப் புறப்படுமுன் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொள்வார். பத்தாவது படுக்கை முடியும்வரை விழுங்கமாட்டார். மின்விசிறி ஓடவில்லை என்பவர், டாக்டர் எப்போது வருவார் என்பவர், பொழுதுபோகாமல் வம்பளப்பவர் எல்லோருக்கும் உப்பிய கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். அவ்வளவுதான் பதில்.

முதலாளியின் மச்சானான மேலாளருக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் காலை, நோயாளியைக் காண வந்த நிலக்காரர் ஒருவருக்கு நாற்காலி வேண்டியிருந்தது. நான்காம் படுக்கையருகே மாத்திரையோடு நின்ற ஸ்டெல்லாவை மேலாளர் மறித்தார்.

"நான் கேக்கிறேன், நீ கன்னத்தக் காட்டிகினு நிக்கிறியா? முழுங்கிட்டுப் பதில் சொல்லு!"

ஸ்டெல்லா விழுங்கினார், நாற்காலி இருக்குமிடத்தைச் சொன்னார். பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த இடம் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. என் வாயில் தண்ணீரும் இல்லை.

அந்தத் தடுமாற்றத்தில் நான்காம் படுக்கையின் சர்க்கரை மாத்திரை, ஐந்தாம் படுக்கையிலிருந்த அனகாபுத்தூர் நெசவாளிக்குப் போயிற்று. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. தவற்றைக் கண்டதும் குளுக்கோஸ் ஏற்றியதும் ஸ்டெல்லாவே. நெசவாளி உயிர் தப்பினார். ஸ்டெல்லாவின் வேலை தப்பவில்லை.

நீக்கக் கடிதத்தை நான்தான் வரைந்தேன். 'கவனக்குறைவினால் நோயாளியின் உயிருக்கு ஊறு நேரவிருந்தமையால்' என்ற தொடக்கத்தை மூன்று முறை படித்து மகிழ்ந்தேன் என்பதை எழுத இப்போது கூசுகிறது. ஸ்டெல்லா ஒரே முறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்க சார். யாரோட கவனக்குறைவுன்னு மட்டும் வுட்டுட்டீங்க."

மேலாளர் அந்த நாற்காலியில் அமர்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

நர்சிங் ஹோமை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். மேலாளர் போய்ச் சேர்ந்தார். ஸ்டெல்லா எங்கே போனார் என்று விசாரிக்கவும் ஆளில்லை. கடிதத்தின் நகலைக் கரையான் தின்றது. அதில் விடுபட்டவை இரண்டு பெயர்கள்: ஒன்று மேலாளருடையது, மற்றொன்று என்னுடையது. எழுதிச் சேர்க்க அந்தக் காகிதம் இன்று இல்லை.