காசிமிராவின் சத்தமில்லாத ஜெபமும் எங்கள் நியாயமான சந்தேகங்களும்

எங்கள் ஊரான சாந்தா ரூஃபினாவில் ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் நேரில் போய்ச் சண்டை போடமாட்டோம். அது அவிசுவாசிகள் செய்கிற வேலை. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் "ஜெபிப்போம்" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி, கண்ணை மூடி, தொண்டையைத் திறப்போம். சம்பந்தப்பட்டவர் காதில் விழும் அளவுக்கு உரத்த குரலில் ஆண்டவரிடம் முறையிடுவோம்.

"ஆண்டவரே, மில்லுல சோளம் அரைக்கக் குடுத்தா ஒரு கைப்பிடி மாவு காணாமப் போகுதே, அந்தக் கையத் தொடும் ராஜா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பிதேலியா சிஸ்டர் கதறுவாள்.

முன்வரிசையிலிருந்து மில்காரர் நாசாரியோ, அவர் சபை மூப்பரும்கூட, அதே உருக்கத்தோடு பதில் ஜெபம் செய்வார்: "சுண்ணாம்புத் தண்ணியில முழுசா வேகவைக்காம, அரைவேக்காட்டுச் சோளத்தக் கொண்டாந்து கொட்டி என் மில்லுக் கல்லக் கெடுக்கிற ஆத்துமாக்கள மன்னியும் அப்பா!"

ஆமென் சொன்னபின் இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். கடவுளுக்கும் சொல்லியாயிற்று, மில்காரருக்கும் சொல்லியாயிற்று. இவ்வளவு வெளிப்படையாக நடக்கும் ஒரு சபையில், ஒரு பெண் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஜெபித்தால் சந்தேகம் வருமா, வராதா?

காசிமிரா சோக் அப்படித்தான் ஜெபித்தாள். கையை மடியில் வைத்துக்கொள்வாள். உதடு அசையாது. பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாலும் ஒரு வார்த்தை கிடைக்காது. யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரியாவிட்டால் எதிர்ஜெபம் செய்வது எப்படி? இது தர்மமான முறையே அல்ல.

அவள் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். அதுவே சந்தேகத்துக்குரியது. பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கு ஒன்பது நாள் வெடி போடுவார்கள், அவள் ஒன்பது நாளும் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தாள். கல்யாணமான பிறகு புருஷன் கரும்புச் சாராயத்தில் விழுந்தான். குடியை நிறுத்தவைக்கும் என்று யாரோ சொல்ல, எங்கள் ஏழாம் எக்காளச் சபைக்கு அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். சபை அவனை உண்மையாகவே திருத்தியது. குடி போனது, புத்தி தெளிந்தது. தெளிந்த புத்தியோடு யோசித்துப் பார்த்து, பாடகர் குழுவில் இருந்த ஒருத்தியோடு எல்லை தாண்டி வடக்கே போய்விட்டான். அதைச் சாட்சியாகச் சொல்லச் சபையில் இதுவரை யாரும் முன்வரவில்லை.

அவள் மட்டும் சபையிலேயே நின்றுவிட்டாள். காலையில் சந்தையில் சோளக் கொழுக்கட்டையும் சூடான சோளக் கஞ்சியும் விற்பாள். வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஒரு பட்டாளம், எப்போதும் அலறும் ரேடியோ, அதோடு போட்டி போடும் இரண்டு வான்கோழிகள். சபையைக் கூட்டிப் பெருக்கும் ஊழியத்தை அவளாகவே கேட்டு வாங்கினாள். மற்றவர்கள் பாடும் ஊழியம் கேட்பார்கள், மைக் பிடிக்கும் ஊழியம் கேட்பார்கள், இவள் துடைப்பத்தைக் கேட்டாள். அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

துடைப்பத்தோடு பின்கதவுச் சாவியும் போனது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆராதனை கிடையாது. அன்று போய்க் கூட்டி முடித்துவிட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, சுமார் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஊரிலேயே அவளுக்குக் கிடைத்த அமைதியான இடம் அதுதான், நேரமும் அதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சந்தையில் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டோம்.

காரணம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கு மறுநாள் நாசாரியோவின் கடைவாய்ப் பல் வீங்கியது. அவர் காசிமிராவின் சோளக்காட்டுப் பக்கம் எல்லைக் கல்லைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், நகர்த்தியிருந்தார். அடுத்து பிதேலியாவின் வெள்ளாடு செத்தது. பிதேலியா வீட்டில் காசிமிராவின் பெரிய அலுமினியப் பானை, ஒரு கல்யாணத்துக்கு இரவல் வந்தது, நெடுநாளாகத் திரும்பும் வழி தெரியாமல் தங்கியிருந்தது. பிறகு பாஸ்டர் அப்தியாஸ் ஞாயிறு பிரசங்கத்தின் உச்சத்தில் இருந்தபோது, திடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர்ச் சபையின் சத்தத்தை அடக்குவதற்கென்றே வாங்கிய பெரிய ஸ்பீக்கர் புகைந்து அணைந்தது. பாஸ்டர் முந்தின மாதம் மனைவிமாரைப் பற்றிப் பிரசங்கித்தபோது, "வாய் திறந்து பேசாத பொண்டாட்டி வீட்டுல புருஷன் எப்படித் தங்குவான்?" என்று கேட்டு, காசிமிரா உட்கார்ந்திருந்த திசையில் கையை நீட்டியிருந்தார். பெயர் சொல்லவில்லை. கை மட்டும்தான்.

சபைக் கமிட்டி கூடி அவளை அழைத்தது.

"சிஸ்டர், உள்ள தாழ் போட்டுட்டு என்ன பண்றீங்க?" என்று பாஸ்டர் கேட்டார்.

"கூட்டறேன், பாஸ்டர்."

"கூட்டினதுக்கு அப்புறம்?"

"உக்காந்திருக்கேன்."

"சும்மாவா?"

"சும்மான்னா... ஜெபந்தான்."

"யாரப் பத்தி?" என்றார் நாசாரியோ, வீங்கின கன்னத்தைப் பிடித்தபடி.

"ஆண்டவர்கிட்டயே இன்னும் வாயத் தொறந்து சொல்லல. முந்திக்கிட்டு உங்ககிட்டச் சொன்னா முறையா இருக்குமா, அண்ணே?"

பாஸ்டர் குறுக்கிட்டார். "தாழ் எதுக்கு? ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

"கதவச் சாத்திக்கிட்டு ஜெபிக்கணும்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க?"

"அது வீட்டுக் கதவு, சிஸ்டர்."

"எங்க வீட்டுல கதவு இல்ல, பாஸ்டர். துணிதான் தொங்குது."

பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, அந்த ஜெபத்தைச் சபையார் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். எங்கள் சபையில் கடைசி பெஞ்ச் என்பது தண்டனை. பாட்டு கிடையாது, சாட்சி கிடையாது, திரும்பிப் பார்க்கிறவர்களின் பார்வை மட்டும் உண்டு.

காசிமிரா கொஞ்ச நேரம் சாவியைக் கைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது என்று நாசாரியோ பிறகு சொன்னார், ஆனால் அவர் பல்வலியில் இருந்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்தாள்.

"சாவி சபையோடது. வாய் என்னோடது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பழுது பார்த்து வந்த ஸ்பீக்கரிலிருந்து அதுதான் அதிக தூரம் என்பதைத் தண்டனை கொடுத்தவர்கள் கவனிக்கவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்ததும் அவளுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் முயன்றாள். மருமகள் ரேடியோவைக் குறைத்தாள், பிள்ளைகள் கூட்டினார்கள். சோளக்காட்டுக்குப் போனாள். நாசாரியோவின் நாய், எல்லைக் கல்லை நம்பி, அவள் இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக் குரைத்தது. கடைசியில் சந்தைத் திடலின் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர்கள் "ஷேலா! ஷேலா!" என்று பக்கத்து நகரத்தின் பெயரைக் கத்திக்கொண்டு ஆட்களை ஏற்ற, பழைய பஸ்கள் கரும்புகை கக்க, நடுவில் காசிமிரா கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது ஊருக்கே தெரிந்தது. உள்ளே தாழ் போட்டு ஜெபித்தபோது அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. திடலில் தெரிந்தது. புகை முகத்தில் அடிக்காமல் இருக்கக் காற்றுக்குத் தக்கபடி திரும்பி உட்கார்ந்தாள் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அவ்வளவு அப்பாவிகள் அல்ல.

முதல் செவ்வாயன்று அவள் முகம் நாசாரியோவின் மில்லைப் பார்த்து இருந்தது. நாசாரியோ மாவு அரைப்பதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே போனார். மறுபடி வந்தார்.

"சிஸ்டர், வெயிலா இருக்கே, தொப்பி ஏதாவது கொண்டாரவா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் எல்லைக் கல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பழைய இடத்துக்கும் கொஞ்சம் உள்ளே, அவர் பக்கமாகவே வந்துவிட்டது. பயத்தில் அளவு தெரியவில்லை.

அடுத்த வாரம் காற்று மாறியது. பிதேலியா தன் வீட்டு ஜன்னலை அடைத்தாள், அப்புறம் திறந்தாள். பிறகு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு திடலுக்கே ஓடி வந்தாள். பானைக்குள் அவித்த கருப்புப் பயறு.

"இந்தா அக்கா, உன் பானை. இத்தன நாளா தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருந்தேன்."

"எந்தப் பானை?" என்றாள் காசிமிரா. மறந்தே போயிருந்தாள். மறந்ததுபோல் நடித்தாள் என்பது பிதேலியாவின் கட்சி.

எதிர்ச் சபையின் பாஸ்டர்கூட ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், அவள் முதுகு தன் சபைப் பக்கம் இருக்கும்படி பார்த்து. பல வருடம் ஸ்பீக்கர் வைத்தும் எங்களால் செய்ய முடியாததை அவள் வாயை மூடிக்கொண்டு செய்தாள். திருட்டுக் கோழிகள் வீடு திரும்பின. பேச்சுவார்த்தை இல்லாத மச்சான்மார் பேசிக்கொண்டார்கள். ஒருவரும் இதை ஆவிக்குரிய எழுப்புதல் என்று சொல்லத் துணியவில்லை. எழுப்புதல் என்றால் பாஸ்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் இரண்டு பஸ் ஒன்றாக வந்து நின்றன. காசிமிரா இருமிக்கொண்டே எழுந்து, நாற்காலியைத் தூக்கி, பாஸ்டர் அப்தியாஸின் வீட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாஸ்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். நேராகத் திடலுக்கு நடந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"ஸ்தோத்திரம், சிஸ்டர்."

"ஸ்தோத்திரம், பாஸ்டர். ஷேலாவுக்கா? பஸ் இப்பத்தான் போச்சு."

"இல்ல, உங்களத்தான் பாக்க வந்தேன்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "கமிட்டி யோசிச்சுப் பாத்துது. நீங்க உள்ளயே போய் ஜெபிக்கலாம்."

"சத்தமாவா?"

"அது... உங்க சௌகரியம்."

அவள் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சில வாரங்களாகச் சிரிக்காத முகம் சிரித்தது. உடனே எழுந்து சபைப் பக்கம் நடந்தாள். பாஸ்டர் கூடவே நடந்தார்.

"சிஸ்டர், அந்தப் பொண்டாட்டிமார் பிரசங்கம்... அத மனசுல வச்சுக்கிட்டுத்தானே..."

"எந்தப் பிரசங்கம்?"

"நான் உங்க பக்கமாக் கை நீட்டினேனே?"

"நீங்க எல்லாப் பக்கமும்தான் நீட்டுவீங்க. நான் கவனிக்கல."

"அப்ப என்னப் பத்தி ஜெபிக்கலியா?"

"இல்லியே."

"என் ஸ்பீக்கரப் பத்தி?"

"ஐயோ, இல்ல!"

"சரி, நாசாரியோவப் பத்தியாவது?"

"உள்ள போய் உக்காந்தா ஒருத்தரும் எனக்கு ஞாபகம் வர்றதில்ல, பாஸ்டர். அதுக்குத்தானே போறதே."

பாஸ்டர் நின்றுவிட்டார். அவருக்கு எதிராக ஜெபித்தாள் என்று ஒப்புக்கொண்டிருந்தால்கூட முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

"பதினோரு வருஷமா நான் உங்க மேய்ப்பன். ஒரு தடவைகூடவா வரல?"

"வந்திருந்தாச் சொல்லியிருக்க மாட்டேனா?"

பின்கதவை அவள் திறந்தாள். பாஸ்டர் போகாமல் படியில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இடுப்பு வலி ஒண்ணு இருக்கு, சிஸ்டர். பெரிய பையனும் சரியா இல்ல. என்னப் பத்தியும் ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சொல்லிட்டாப் போச்சு. ஞாயித்துக்கிழம மைக்குல சொல்லட்டுமா?"

பாஸ்டர் அப்தியாஸ் சந்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். நாசாரியோ மில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாஸ்டரின் குரல் தாழ்ந்து தாழ்ந்து, கிட்டத்தட்ட உதடு மட்டும் அசைந்தது.

"வேணாம், சிஸ்டர். இப்பவே, தாழ் போட்டுக்கிட்டு, மனசுக்குள்ளயே சொல்லுங்க."