இருபத்தைந்து அங்குலம்

என் மனைவிக்கு ஆபரேஷன் தேதி கொடுத்த வாரத்தில்தான் நான் அந்தப் பெட்டி கிதாரைச் செய்தேன். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிடலாம், பயமில்லை என்று புதுக்கோட்டையில் டாக்டரம்மா சொன்னார். பயமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அங்கிருந்துதான் பயம் ஆரம்பிக்கும்.

வீட்டில் படுத்துக் கிடந்தவள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். காலி சுருட்டுப் பெட்டியில் கழுத்துக் கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டி ஒருவன் வாசிக்கிறான். துபாயிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த அதே மாதிரிப் பெட்டியில்தான் அவள் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அதில் ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கவேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் வீணை பழகியவள்தான், ஆனால் எதையும் ஆசையாகக் கேட்கிறவள் இல்லை. கேட்டதே எனக்கு என்னவோ போலிருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட கொத்தனார். படிப்பு வராது, அளவு வரும். தலைமாட்டுக் கட்டையிலிருந்து, பெட்டிமேல் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் கட்டை வரைக்கும் கம்பியின் நீளம் இருபத்தைந்து அங்குலம் என்று வீடியோக்காரன் சொன்னான். அதற்கேற்ற அளவுகளை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு, நிலைக்கதவில் மிஞ்சிய தேக்கில் கோடு போட்டேன். விரல் அழுத்துகிற இடங்களுக்காக, சைக்கிள் கம்பியை நறுக்கிக் கோட்டுக்கு ஒன்றாகப் பதித்தேன். பன்னிரண்டாவது துண்டு சரிபாதியில், பன்னிரண்டரையில் விழவேண்டும். விழுந்தது.

கடைசியாகப் பிரிட்ஜ். அதை ஒட்டக்கூடாது, கம்பியின் இறுக்கத்திலேயே நிற்கும். டேப்பை இழுத்து இருபத்தைந்தில் வைக்கப் போனவன் கை அப்படியே நின்றுவிட்டது.

மனையடிக் கணக்கில் இருபத்தைந்து ஆகாது. வீட்டுக்காரியைக் கொண்டுபோகும் என்பார்கள். விராலிமலைப் பக்கம் ஒருவர், இடம் பற்றாது என்று கூடத்தை இருபத்தைந்து அடியில் நிறுத்தச் சொன்னார். வேலை போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. குடிபோன வருஷமே அந்த வீட்டம்மா போய்ச் சேர்ந்தார். அன்றைக்குத் திறக்காத வாயை இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அது அடிக்கு உள்ள கணக்கு, அங்குலத்துக்கு இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பிரிட்ஜை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். இருபத்தேழு நல்ல அளவு.

மறுநாள் காலை அவள் மடியில் வைத்து வாசித்தாள். கம்பியைச் சும்மா தட்டினால் நன்றாகத்தான் இருந்தது. விரலை அழுத்தினால் ஒவ்வொரு இடத்திலும் சுருதி இறங்கியது, மேலே போகப்போக இன்னும் மோசம். ஏதோ வலியில் முனகுகிற மாதிரி இருந்தது. கம்பி புதுசு, போகப்போகச் சரியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் டேப்பை எடுத்து அளந்தாள், அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"என்னைய அறுக்கப்போற டேபிளு எத்தன அடின்னு கேட்டுட்டு வந்தீங்களா?" என்றாள்.

"வெளையாடாத புள்ள."

"நீங்கதான் வெளையாடுறீங்க. அங்கிட்டுத் தள்ளுங்க அத, இருக்கவேண்டிய எடத்துக்கு. நான் போறதுக்குள்ள ஒரு பாட்டு ஒழுங்கா கேட்டுக்கிறேன்."

போறதுக்குள்ள என்று சொல்லாதே என்று நான் கெஞ்சியதை அவள் காதில் வாங்கவில்லை. கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜை இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு முறை சாய்ந்து விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. அவள் வாசித்தாள். சுருதி சுத்தமாகச் சேர்ந்தது. அது சேர்ந்த நிமிஷத்தில் எனக்கு அந்த விராலிமலை வீட்டம்மா ஞாபகம்தான் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நாளில் தெரியும் என்றார் டாக்டரம்மா. எதற்குச் சோதனை என்று கேட்டதற்கு, வழக்கம்தான் என்றார்.

இன்று எட்டாவது நாள். அவள் தினமும் வாசிக்கிறாள், முன்னைவிட நன்றாகவே. காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது நான் கம்பியைத் தளர்த்திப் பிரிட்ஜை இருபத்தேழுக்குத் தள்ளிவிட்டேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. வந்து எடுத்தால் விரலை அழுத்தியதுமே கண்டுபிடித்துவிடுவாள். அவசர அவசரமாக மறுபடி இருபத்தைந்திலேயே வைத்து இறுக்கிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டேன்.