சங்கானை பஸ் கிறகோரி

மீன்பிடிக்கிற குருநகரில் பிறந்தும் கிறகோரி கடலுக்குப் போகவில்லை. மோட்டார் வேலை பழகி, 1929இல் சங்கானைச் சோமசேகரம் முதலாளியின் பஸ்ஸுக்கு றைவரானான். யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு ஆனைக்கோட்டை, மானிப்பாய் கடந்து சங்கானை வரை ஒரு நாளைக்கு ஐந்து ஓட்டம்.

அந்தப் பஸ்ஸில் எல்லோரும் ஒரே கட்டணம்தான் கொடுத்தார்கள். ஆனால் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் சீற்றில் உட்கார முடியாது. வாசலுக்குப் பக்கத்தில், பலகைத் தரையில்தான் இருக்கவேண்டும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம். கிறகோரியின் சொந்தக்காரரைக்கூடச் சில வீடுகளில் வேலிப் படலைக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். றைவர் சீற்றில் இருந்த அவனை மட்டும் யாரும் எழும்பச் சொல்லவில்லை. எட்டு வருடம் அவனும் கண்டும் காணாதவனாக ஓட்டினான். சில நாட்களில் கொண்டக்டர் அருட்பிரகாசத்திடம் அவனே, "கீழை இருக்கச் சொல்லு, சண்டை வேண்டாம்" என்றிருக்கிறான்.

1937 மாசியில் ஒரு காலை, ஆனைக்கோட்டையில் ஒரு மாடு வேலியை முறித்துக்கொண்டு றோட்டில் பாய்ந்தது. கிறகோரி பிறேக்கை மிதித்தான். தரையில் இருந்த பொன்னி என்ற கூலிக்காரப் பெண், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கதவில்லாத வாசலால் வெளியே போய் விழுந்தாள். கை முறிந்தது. அதே பஸ்ஸில் அவளை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனான்.

"மாடு வந்திட்டுது. வேறை வழியில்லை" என்றான்.

"ஓம் ஐயா, பிறேக் அடிக்கத்தானே வேணும்" என்றாள் பொன்னி. பிறகு, "சீற்றிலை இருந்தவையள் ஒருத்தரும் விழேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு ஏதும் ஆயிற்றோ என்றுதான் கேட்டாள். கிறகோரிக்கு அது இன்னும் சுட்டது.

திங்கட்கிழமை அருட்பிரகாசத்திடம் சொன்னான்: "இனி ஒருத்தரும் கீழை இருக்கேலாது. சீற் கிடந்தால் இருக்கட்டும். இல்லாட்டி நிக்கட்டும். ஆரெண்டாலும்."

"அண்ணை, முதலாளி வேலையாலை கலைச்சுப்போடுவார்."

"தெரியும்."

மானிப்பாயில் தோட்டக் கூலிகள் மூன்று பேர் ஏறினார்கள். அருட்பிரகாசம் காட்டிய சீற்றில் பயந்து பயந்து உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த சால்வைக்காரர் ஒருவர் எழும்பிவிட்டார்.

"உவங்களோடை நாங்கள் ஒண்டா இருக்கிறதோ? எழுப்படா!"

கிறகோரி எஞ்சினை நிறுத்தித் திரும்பினான். "ஐயா, கொழும்புக்குக் கோச்சியிலை போகேக்கை பக்கத்திலை ஆர் எண்டு கேட்டோ இருந்தனீங்கள்?"

"அது கவண்மேந்துக் கோச்சி!"

"அப்ப இறங்கிக் கோச்சியிலை போங்கோ."

சங்கானைக்கு ரயில் தண்டவாளமே கிடையாது. யாரோ சிரித்தார்கள். ஆனாலும் பதினொரு பேர் இறங்கி நடந்தார்கள்.

பின்னேரம் சோமசேகரம் கூப்பிட்டார். "நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நான் இந்த ஊரிலைதானே சீவிக்கவேணும்" என்று சொல்லி வேலையை நிறுத்தினார். வேறு முதலாளிமாரும் எடுக்கவில்லை. கிறகோரி யாழ்ப்பாணம் ஸ்டேசனில் மூட்டை ஏற்றினான். மனைவி திரேசம்மா ஒரு மாதம் அவனோடு கதைக்கவில்லை. கருவாடு விற்கத் தொடங்கினாள். ஐந்து வருடம் அப்படிப் போயிற்று.

இதற்கிடையில் யுத்தம் வந்தது. பெற்றோலுக்குக் கட்டுப்பாடு. சங்கானை றோட்டில் ஓடிய நாலு பஸ்ஸில் சோமசேகரத்தின் பஸ் ஒன்றுதான் மிஞ்சியது. றைவர்மார் பலாலியில் விமானத்தளம் கட்டுகிற லொறிகளுக்குப் போய்விட்டார்கள். 1942இல் சோமசேகரம் தாமே குருநகருக்கு வந்தார்.

"வாறியோ?"

"ஒருத்தரும் கீழை இருக்கேலாது."

"கீழை இருக்க இடமெங்கையடாப்பா? கால் வைக்கவே இடமில்லை" என்றார் முதலாளி.

உண்மைதான். இந்தப் பஸ்ஸை விட்டால் நடைதான் என்றான பிறகு, ஏறியவர்கள் பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. முணுமுணுத்தார்கள், ஆனால் இறங்கவில்லை. கிறகோரியும் அதைத் தன் வெற்றியென்று யாரிடமும் சொல்லவில்லை. சனம் மாறவில்லை, பெற்றோல்தான் இல்லை என்றான்.

யுத்தம் முடிந்து வேறு பஸ்கள் திரும்பவும் ஓடத் தொடங்கியபோது சிலர் பழையபடி தரையில் இருத்துகிற பஸ்ஸைத் தேடிப் போனார்கள். மற்றவர்கள் கிறகோரியோடு நின்றுவிட்டார்கள். கேட்டால், அவன் நேரத்துக்குப் பஸ்ஸை எடுக்கிறான் என்றுதான் காரணம் சொன்னார்கள்.